பேஸ்போலும் என் முழிவியளமும்

நான் பார்த்தால் எங்கள் அணி தோற்கும். இது நான் சொன்னதல்ல. என் வீட்டில் எல்லோரும் கூடி எடுத்த முடிவு. ரொறன்ரோ பேஸ்போல் அணிக்கு என்னைப்போல் விசுவாசமான இரசிகன் இன்னொருவன் இருப்பானோ தெரியாது. ஆனால் முக்கியமான ஆட்டங்களின் முக்கியமான கட்டம் எதையும் நான் கண்ணால் பார்த்ததில்லை. அந்த நேரங்களில் நகரின் கிழக்கோரம் ரூஜில் உள்ள எங்கள் வீட்டுக் கராஜில், காரின் பனிக்கால ரயர்களுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருப்பேன்.

யாழ்ப்பாணத்தில் முழிவியளம் என்று ஒரு சொல் உண்டு. ஒரு காரியமாக வீட்டை விட்டு வெளிக்கிடும்போது எதிரே வருகிற முகம் அது. நல்ல முழிவியளம் என்றால் போன காரியம் சரிவரும். கூடாத முழிவியளம் என்றால் திரும்பி வந்து, கொஞ்சம் இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போகவேண்டும். என் மனைவி மன்னார்க்காரி, கத்தோலிக்கம். இதையெல்லாம் நம்பாதவள். ஆனாலும் ஒருநாள், "எங்கட ரீமுக்கு இவர்தான் கூடாத முழிவியளம்" என்று சொல்லிவைத்தாள். வீடே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

எனக்கும் இந்த அணிக்கும் உள்ள கணக்கு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. நான் இந்த நகரத்துக்கு வந்த புதிதில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். ஒருநாள் வேலை முடிகிற நேரம் வெளியே பெரிய ஆரவாரம். கார் ஹோர்ன்கள், கூச்சல், யாரோ சட்டியைத் தட்டுகிற சத்தம். சத்தம் கேட்டால் ஒளிவதற்கு இடம் தேடுகிற பழக்கம் அப்போது எனக்கு விட்டுப்போகவில்லை. கழுவின தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். சமையற்காரர் ஒரு போர்த்துக்கேயர். என் முகத்தைப் பார்த்துவிட்டு என் தோளில் அடித்து, "நாங்கள் வென்றுவிட்டோம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

நாங்கள். அந்தச் சொல்லில் நானும் இருந்தேன். என்ன விளையாட்டு, யாரை வென்றோம் என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் இந்த நாட்டில் முதன்முதலாக ஒருவர் என்னையும் சேர்த்து நாங்கள் என்றார். அன்றைக்கு நான் இந்த அணியின் ஆள் ஆனேன். அடுத்த வருடமும் வென்றோம். அப்போதும் நான் கோப்பைதான் கழுவிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வருடம் ஆசையாக ஒரு ரி.வி. வாங்கினேன். இந்த முறை விடுவதில்லை, கடைசி ஆட்டம்வரை பார்ப்பது என்று முடிவெடுத்து உட்கார்ந்தேன். அந்த வருடம் விளையாட்டு வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இறுதிப் போட்டியே நடக்கவில்லை. நான் பார்க்க உட்கார்ந்ததும் ஒரு அணியல்ல, விளையாட்டே படுத்துவிட்டது என்று மச்சான் இன்றைக்கும் ஆளாளுக்குச் சொல்லித் திரிகிறார். மச்சான் என்பது என் மனைவியின் அண்ணன். பக்கத்தில் மோர்னிங்சைட்டில் இருக்கிறார், கிரிக்கெட் பைத்தியம். மட்டையில் பட்டுப் பின்பக்கம் போகிற பந்துக்கு இன்னும் "ஃபோர்!" என்று கைதட்டுவார். பேஸ்போலில் அது வெறும் ஃபவுல், ஒரு பிரயோசனமும் இல்லை என்று சொல்லிச் சொல்லி நாங்கள் களைத்துவிட்டோம்.

அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் எங்கள் அணி தலை தூக்கவில்லை. நான் ஒவ்வொரு வருடமும் பார்த்தேன். பேஸ்போல் ஏப்ரலில் தொடங்கிச் செப்டம்பர் முடியும்வரை கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் நடக்கும். கோயில் திருவிழாவைப்போல் பத்து நாளில் முடிகிற சங்கதியல்ல. வேலைக்குப் போய் வந்து, குளித்து, சாப்பிட்டு, பார்த்து, தோற்று, படுப்பேன். மறுநாள் அதே ஆட்கள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மறுபடி வந்து நிற்பார்கள். மிகச் சிறந்த அணிகூட மூன்றில் ஒன்றைத் தோற்கும். பத்துத் தரம் போய் மூன்று தரம் சரியாக அடிக்கிறவன் பெரிய ஆள். இப்படியொரு கருணையுள்ள கணக்கை நான் வேறெங்கும் கண்டதில்லை. எங்கள் தமிழ் ஆட்களுக்குப் பத்தில் பத்தும் வேண்டும், ஒன்பதரை எடுத்தால் அரை எங்கே என்று கேட்பார்கள்.

பிறகு ஒரு இலையுதிர்காலத்தில் அணி விழித்துக்கொண்டது. மகள் அப்போது சின்னப்பிள்ளை. ஒரு பெரிய ஆட்டத்தில் நான் தேத்தண்ணீர் எடுக்கக் குசினிக்குப் போன நேரம் பார்த்து எங்கள் ஆள் பந்தை எல்லைக்கு வெளியே ஹோம் ரன் அடித்துவிட்டான். ஓடி வந்து பார்த்தால் எல்லாம் முடிந்து, வென்ற மிதப்பில் மட்டையையும் எறிந்துவிட்டான். மகள் சோபாவிலிருந்து குதித்து வந்து என் வயிற்றில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாள்.

"அப்பா, கோ பாக்! திரும்பப் போங்கோ, ப்ளீஸ்!"

போனேன். கொஞ்ச நாளில் குசினி போதாது, கராஜ்தான் சரி என்றார் மச்சான். ரேடியோவில் கேட்கட்டுமா என்றேன். "கேக்கிறதும் பாக்கிற மாதிரித்தான்" என்று தீர்ப்புச் சொன்னார். கிரிக்கெட்காரன் பேஸ்போலுக்குச் சட்டம் எழுதினால் இப்படித்தான்.

அங்கே இருந்தபடி மனைவியின் குரலை வைத்து ஆட்டத்தைப் படிக்கப் பழகினேன். "யேசுவே" என்று இழுத்தால் எதிரணி ஆள் ஓடத் தயாராகப் பேஸில் நிற்கிறான். "யேசுவே!" என்று வெட்டினால் போச்சு. சத்தமே இல்லையென்றால் செபமாலை கையில் இருக்கிறது. தொலைந்த பொருளை அந்தோனியார் எடுத்துத் தருவார், தொலைந்த ஆட்டத்தை எந்தப் புனிதர் எடுத்துத் தருவார் என்று ஒருமுறை கேட்டு, அவளிடம் நல்ல ஏச்சு வாங்கினேன்.

எல்லாம் பகிடிதான். பகிடியாகத்தான் தொடங்கியது. ஆனால் கராஜ் கதவைச் சாத்திவிட்டு அந்தக் கதிரையில் உட்காரும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. காரணத்தை நான் யாருக்கும் சொன்னதில்லை. நான் பிறந்த அதே கிழமைக்குள் என் அப்பா காய்ச்சலில் இறந்தார். தகப்பனை விழுங்கிப் பிறந்தவன் என்று சொந்தக்காரர் பெயர் வைத்துவிட்டார்கள். யாராவது பள்ளிக்கூடச் சோதனைக்கு வெளிக்கிட்டால், பெண் பார்க்க வெளிக்கிட்டால், அம்மா என்னை உள்ளே இழுத்துவைத்துக் கதவை மூடுவார். மற்றவர்கள் மூடுவதற்கு முன் தானே மூடினால் எனக்கு வலிக்காது என்று நினைத்திருப்பார். வலித்தது. கடல் கடந்து வந்து, கலியாணம் கட்டி, பிள்ளை பெற்று, வீடு வாங்கியும், முக்கியமான நேரத்தில் நான் இன்னும் கதவுக்குப் பின்னால்தான் இருந்தேன். இந்த முறை கதவை மூடியது நான். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு விசயத்தை மட்டும் நான் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். உண்மையில் நான்தானா?

அப்படியே கடந்த வருடமும் வந்தது. முந்தின வருடம் கடைசியில் கிடந்த அணி, யாரும் எதிர்பாராமல் முதலிடத்துக்கு வந்தது. வேலையிடத்தில் ஹலோ சொல்லாதவர்கள்கூட முதல்நாள் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டார்கள். தமிழ்க் கடையில் மீன் வெட்டுகிற தம்பி அணியின் நீலத் தொப்பி போட்டிருந்தார். இறுதிப் போட்டி இழுபட்டு இழுபட்டு ஏழாவது ஆட்டம்வரை போனது. அன்று மச்சான் மாலையிலேயே வந்துவிட்டார். மனைவி செபமாலையை எடுத்தாள். மகள் இப்போது வேலைக்குப் போகிற பெரிய பிள்ளை. என்னைப் பார்த்து, "அப்பா, இண்டைக்கு நீங்கள் உள்ளுக்கே இருக்கலாம், இட்ஸ் ஓகே" என்றாள். ஆனால் அவள் கண் அப்படிச் சொல்லவில்லை. நானே எழுந்து ஜக்கற்றைப் போட்டுக்கொண்டு கராஜுக்குப் போனேன்.

உள்ளே கூச்சல் ஏறியது. நாங்கள் முன்னால் நிற்கிறோம் என்று விளங்கியது. கடைசி இன்னிங்ஸில் இன்னும் இரண்டு பேரை ஆட்டமிழக்கச் செய்தால் கிண்ணம் எங்களுக்கு என்று மச்சான் கத்தியது சுவரைத் தாண்டிக் கேட்டது. பிறகு மனைவியின் குரல், வெட்டியது. ஆட்டம் சமம். அதற்குப் பிறகு மேலதிக இன்னிங்ஸ். எனக்குக் கால் விறைத்துவிட்டது. கடைசியில் வீட்டுக்குள் ஒரு அமைதி வந்தது. செபமாலை அமைதி அல்ல, வேறு. செத்தவீட்டு அமைதி.

உள்ளே போனேன். மகள் முகத்தைத் தலையணையால் மூடியிருந்தாள். மட்டை முறிந்து, ஒரே பந்தில் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் அவுட் ஆகி, எல்லாம் முடிந்த காட்சியை ரி.வி. திரும்பத் திரும்பக் காட்டியது. மச்சான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பார்க்கவில்லை. ரேடியோவில் கேட்கவுமில்லை. முழு ஆட்டமும் கராஜில் இருந்தேன். நான் இல்லாமலே தோற்றுவிட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"உங்களுக்கென்ன விசரே?" என்று மனைவி எழும்பினாள். "பிள்ளை அழுகுது, நீங்கள் நிண்டு சிரிக்கிறியள்!"

"நான் பாக்கேல்லையப்பா," என்றேன். "நான் பாக்காமலே தோத்திட்டாங்கள். அப்ப நான் இல்லைத்தானே?"

சொல்லும்போதே சிரிப்பு அழுகையாகிவிட்டது. அப்பாவின் காய்ச்சல், சொந்தக்காரர் வைத்த பெயர், அம்மா மூடிய கதவு எல்லாவற்றையும் அன்றைக்குத்தான் சொன்னேன். மகள் தலையணையை இறக்கிவிட்டு என்னையே பார்த்தாள். மனைவி ஆறுதல் சொல்லவில்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"இவ்வளவு காலமும் இதை வயித்துக்குள்ள வைச்சுக்கொண்டு, நாங்கள் பகிடி விட விட கராஜுக்குள்ள போய் இருந்தனீங்களே? எனக்கொரு சொல் சொல்லியிருக்கலாமே!" என்று சொல்லி, என் கையைப் பிடித்துச் சோபாவில் தன் பக்கத்தில் இருத்தினாள். எதிரணி கிண்ணத்தைத் தூக்கியதை நாங்கள் நால்வரும் சேர்ந்து பார்த்தோம். என் வாழ்நாளில் அதைவிட நிம்மதியாக நான் ஒரு தோல்வியைப் பார்த்ததில்லை.

குளிர்காலம் முழுவதும் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசினோம். அந்தப் பந்தை ஏன் அப்படி எறிந்தான், ஓடவேண்டியவன் பேஸிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தால் என்ன என்று. யாரும் கராஜ் பக்கம் போகவில்லை. பனி கரைந்ததும் மகள் மைதானத்தில் பகல் ஆட்டம் ஒன்றுக்கு நால்வருக்கும் டிக்கெட் எடுத்தாள். இத்தனை வருடத்தில் நான் அங்கே போனதேயில்லை. என்னால் அத்தனை ஆயிரம் பேருக்கும் கெடுதி வந்துவிடும் என்று பயம்.

வெளிக்கிடுகிற நேரம் மனைவி வாசலில் நின்று எல்லோரையும் மறித்தாள்.

"பொறுங்கோ. இஞ்சருங்கோ, நீங்கள் முன்னால போய் றோட்டில இருந்து எதிர வாங்கோ. உங்கட முகத்தைப் பாத்துத்தான் நாங்கள் இண்டைக்கு வெளிக்கிடுறது."

"நீர் இதெல்லாம் நம்பாத ஆளெல்லே?"

"போங்கோ எண்டால் போங்கோ."

போனேன். தபால் பெட்டிவரை நடந்து திரும்பினேன். வாசலில் மூன்று பேரும் வரிசையாக நின்று என் முகத்தைப் பார்த்தார்கள். அந்தக் கொஞ்சத் தூரத்தையும் நான் மெதுவாக நடந்து வந்தேன். பிறந்ததிலிருந்து ஒருவரும் என்னை அப்படி எதிரே வரச் சொன்னதில்லை.

அன்று எங்கள் அணி படுதோல்வி. ஒன்பதில் எட்டாவது இன்னிங்ஸிலேயே சனம் எழும்பிப் போகத் தொடங்கிவிட்டது. திரும்பி வரும் ரயிலில் மகள் பந்து எறிந்தவனைத் திட்டினாள். மச்சான் அம்பயரைத் திட்டினார். எறிந்தவனை மாற்றாமல் வைத்திருந்த மனேஜரின் பரம்பரையையே மனைவி விசாரித்துக்கொண்டு வந்தாள். வீடு வரும்வரை ஒருவருக்கும் என் முழிவியளத்தின் நினைவு வரவில்லை. நானும் அவர்களோடு சேர்ந்து, தொண்டை கட்டும்வரை மனேஜரைத் திட்டினேன்.