அணைக்கரையில் ஒரு நாத்தனார்

எண்பதுகளில் நானும் வசந்தியும் வீட்டுக்குத் தெரியாமல் திருமணம் செய்துகொண்டோம். அரசாங்க குமாஸ்தாவான எனக்குத் தெரியாத நடைமுறை இல்லை என்று நினைப்பு. காலையில் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் பதிவு. பிறகு ஆயர் ஈத்தாம் மலையில், அணை ஏரிக்கரையில் தாலி. குறை சொல்ல உறவினரே இல்லாத ஏற்பாடு.

முதல் முடிச்சு போட்டதும் வசந்தி தடுத்தாள். "மத்த ரெண்டும் உங்க அக்கா போடணும்."

"எங்க யாழ்ப்பாணத்து வழக்கத்துல மாப்பிள்ளையே போடலாம்லா."

"எங்க வழக்கத்துல நாத்தனார் போடாம கல்யாணமே இல்ல. என்னை வீட்டுல விட்டுடுங்க." அழுதாள்.

கீரைக் கூடையோடு வந்த சீன அம்மா ஒருவர் நின்று விசாரித்தார். மலாயில் சொன்னேன். கூடையை இறக்கிக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நான் இவனுக்கு அக்கா. எப்படிப் போடணும், சொல்லு," என்று மலாயிலேயே வசந்தியிடம் கேட்டார்.

வசந்தி சிரித்துவிட்டுக் கூந்தலை விலக்கினாள். அவர் கீரைக்கட்டைப்போல் இறுக்கி இரண்டு முடிச்சு போட்டார். "தம்பி, இனிமே அழ வைக்காதே," என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அவர் வராதிருந்தால் வசந்தி அன்றே வீடு திரும்பியிருப்பாள். என் சொந்த அக்கா சில வருடம் கழித்துச் சமாதானமானார், புகார்களோடுதான். நாத்தனார் எத்தனை பேர் என்று கேட்டால் வசந்தி இன்றும் இரண்டு என்பாள். மூத்தவரின் பெயர் மட்டும் எங்களுக்குத் தெரியாது.