தானம் கொடுக்க முடியாமல் போன அச்சகக்காரர்

அச்சடித்த தாள் எது கையில் கிடைத்தாலும் பிழை பார்க்காமல் விடமாட்டார் அச்சகக்காரர். ஆஸ்பத்திரி வராந்தாவில் இருப்புக் கொள்ளாமல், தானத்துக்காக நிரப்பிக் கொடுத்த படிவத்தின் நகலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு அதைத்தான் செய்தார்.

உள்ளே மனைவி. ரத்தப் புற்றுநோய்க்கு அவள் தம்பியின் எலும்பு மஜ்ஜையை ஏற்றி மூன்று மாதம். புற்றுநோய் அடங்கிவிட்டது. ஆனால் தம்பியிடமிருந்து வந்த அணுக்கள் அவள் குடலை அந்நியம் என்று தாக்கத் தொடங்கின. நாளைக்குப் பதினைந்து தடவை ரத்தபேதி. ஸ்டீராய்டு கேட்கவில்லை. ஆரோக்கியமான ஒருவரின் மலத்தைக் கரைத்து வடிகட்டி, மூக்குக் குழாய் வழியே குடலுக்கு அனுப்பினால், நல்ல கிருமிகள் குடியேறி நிலைமை அடங்கலாம் என்றார் டாக்டர்.

"மஜ்ஜை என்னுது, மலம் உங்களுது. பங்கு சரியாப் போச்சு அத்தான்" என்றான் மைத்துனன். அவள்கூடச் சிரித்தாள்.

பரிசோதனை எல்லாவற்றிலும் அவர் தேறினார். மறுநாள் காலை ஏழு மணிக்கு டப்பாவைக் கொடுக்க வேண்டும்.

மூன்றாம் பக்கம். 'கடந்த மூன்று மாதங்களில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டதுண்டா?' இல்லை என்று டிக் போட்டிருந்தார். கண் தற்செயலாக விரல் தழும்பில் விழுந்தது. ஆறு வாரம் முன்பு பேப்பர் வெட்டும் மிஷின் கிழித்தது. மருந்துக் கடைக்காரர் புண் ஆற ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார்.

கடைக்குப் போன் போட்டார்.

"அதுவா? ஆன்டிபயாடிக்தாண்ணே. பின்ன மிட்டாயா குடுத்தேன்?"

போனை வைத்தார். சொன்னால் நாளைய சிகிச்சை நின்றுபோகும். அவள் ஏற்கெனவே பாதியாகிவிட்டாள். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? டெஸ்ட்தான் பாஸ் ஆயிற்றே. படியிறங்கினார், ஏறினார், மறுபடி இறங்கினார். கடைசியில் நர்ஸ் முன்னால் போய் நின்றார்.

"இப்பவாவது சொன்னீங்களே!" என்று நர்ஸ் தலையில் கை வைத்தாள். "மாத்திரைக்கு நல்ல கிருமி செத்துருக்கும், முரட்டுக் கிருமி தப்பிச்சிருக்கும். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. எதிர்ப்பே இல்லாத அவங்க உடம்பு தாங்குமா?"

"வேற வழி?"

"மல வங்கியிலேர்ந்து உறைய வெச்சது வரணும். மூணு நாளாகும்."

மனைவியிடம் சொன்னார். அவள் கூரையைப் பார்த்தாள்.

"வங்கிக்குக் குடுத்த ஆள் மட்டும் மாத்திரை முழுங்கலன்னு என்ன நிச்சயம்?"

"கேட்டுத்தான் வாங்குவாங்க."

"உங்ககிட்டயுந்தான் கேட்டாங்க."

அந்த மூன்று நாளும் துணி மாற்றுவதும் துடைப்பதும் களிம்பு தடவுவதுமாக அவர் நிமிரவே இல்லை. அவள் கண் குழிவிழுந்தது. ஒவ்வொரு தடவையும், டிக் போட்ட தன் கையைத் தானே திட்டிக்கொண்டார். நான்காம் நாள் பெட்டி வந்தது. பெயர் இல்லை, எண் மட்டும். மருந்தைக் குழாய் வழியே ஏற்றினார்கள்.

ஒரு வாரம் கழிந்தது. பதினைந்து எட்டானது. ரத்தம் குறைந்தது. "கேக்குற மாதிரிதான் இருக்கு. இப்பவே உறுதியாச் சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

அன்று மாலைவரை நாலு தடவைதான். அவர் கட்டிலருகே கடிகாரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்படி எண்ணிக்கிட்டே நின்னீங்கன்னா வராததும் வந்துடும். வெளிய போங்க!"

போனார். வெளியே கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றார்.