மயில்வாகனத்தார் தானே போட்ட புள்ளடி

அம்மாள் வருத்தம் என்கிற அம்மை நோயில் சின்ன வயதிலேயே மயில்வாகனத்தாருக்கு இரண்டு கண்ணும் போனது. வட்டக்கச்சியில் மாட்டுக்குக் கயிறு திரிக்கிறவர் அவர்தான். கயிறு நல்ல கயிறு. வாய்தான் கொஞ்சம் கூட.

முந்திய கிராமச் சங்கத் தேர்தலில் வாக்குச் சாவடிப் பொறுப்பதிகாரி அவருக்காகச் சீட்டில் பெருக்கல் அடையாளமாகப் புள்ளடி போட்டார். யாருக்கு என்று இவர் அதிகாரியின் காதுக்குள்தான் சொன்னார். பின்னேரம் தேத்தண்ணிக் கடையில் நாலு பேர் அதையே இவருக்குத் திருப்பிச் சொன்னார்கள். "என்ரை வோட்டை ஊரே சப்பித் துப்புது" என்று மனிதர் கொதித்தார்.

இந்த முறை இரண்டு பேர் போட்டி. தில்லைநாதனுக்குக் குடைச் சின்னம், வீரகத்திக்குப் பூட்டுத் திறக்கும் திறப்பு. தில்லைநாதன் இவருடைய மனைவி நாகேஸ்வரியின் தம்பி. வீட்டுக்கு வந்து, "அக்கா, அத்தான்ரை வோட்டு என்ரை சட்டைப் பைக்குள்ள கிடக்கு" என்று சொல்லிச் சிரித்தான். மயில்வாகனத்தார் வாய் திறக்கவில்லை. பக்கத்து வளவுக்காரன் நான், அந்த மனிதர் பேசாமல் இருந்தால் விஷயம் பெரிது என்று எனக்குத் தெரியும்.

தேர்தலன்று என் சைக்கிளில்தான் அவரை வாக்குப்போடும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போனேன்.

"ஆருக்கெண்டு சொல்லுங்கோ ஐயா, நான் போட்டு விடுறன்" என்றார் அதிகாரி.

"சோத்தை என்ரை வாய்க்குள்ள நான்தான் வைக்கிறன். புள்ளடியையும் நானே போடுறன்."

"பழுதாய்ப் போனால்?"

"போனால் என்ரைதானே? உங்கடை இல்லையே!"

வரிசை சிரித்தது. "வெயில் ஏறுது, அந்த மனிசனை விடுங்கோ" என்று ஒரு பெண் கத்தினாள். அதிகாரி இறங்கி வந்தார். "மேலை குடை, கீழை திறப்பு" என்று மட்டும் வாசித்துக் காட்டினார். மயில்வாகனத்தார் தாளை இரண்டாக மடித்தார், இரண்டு பெட்டிக்கும் நடுக்கோடு கைக்குத் தெரியும்படி மடிப்பை நகத்தால் அழுத்தினார், விரித்துக்கொண்டு மறைப்புக்குள் போனார். வெளியே வரும்போது மாப்பிள்ளை நடைதான்.

எண்ணி முடிந்தபோது தில்லைநாதன் வென்றிருந்தான். செல்லாத வாக்கு ஒன்று. ஊருக்கு அது போதாதா? கூட்டமாக வந்து மயில்வாகனத்தாரின் முற்றத்தில் வெடி கொளுத்தினார்கள்.

"அத்தான், அந்தச் செல்லாத வோட்டு உங்கடையாம். புள்ளடி கோட்டுக்கு மேலை ஏறிப்போச்சாம். பறவாயில்லை, நான் வெண்டிட்டன்!" என்றான் தில்லைநாதன்.

மயில்வாகனத்தார் கதிரையை உதைத்துக்கொண்டு எழும்பினார்.

"ஆரடா சொன்னவன்? என்ரை புள்ளடி கோட்டிலை முட்டவே இல்லை. கீழ்ப் பெட்டிக்குள்ள, நட்ட நடுவிலை போட்டனான்!"

வெடி கொளுத்தியவன் கையில் நெருப்புக்குச்சி எரிய எரிய நின்றான். குசினிக்குள்ளிருந்து நாகேஸ்வரி அகப்பையோடு வெளியே வந்தார்.

"என்ன சொன்னியள்? கீழையோ? என்ரை தம்பி மேலையெல்லே இருந்தவன்!"

"நான்... வோட்டுச் செல்லும் எண்டு சொன்னனான், நாகேஸ்வரி."

"இண்டைக்கு வீரகத்தி வீட்டிலை போய்ச் சாப்பிடுங்கோ!"

மயில்வாகனத்தார் மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"யோகு, உன்ரை வீட்டிலை என்ன கறி?"

"கத்தரிக்காய் அண்ணை."

கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நடந்தேன். வழி முழுக்க, "எண்டாலும் நட்ட நடுவிலைதான் போட்டனான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.