ஆஃப்செட்டைத் தொடாத ஒரு மதியம்

எஃகு வெட்டும் சூட்டைத் தணிக்க ஊற்றும் கூலன்ட் புளித்துப்போன வாசனை எங்கே வந்தாலும் எனக்குக் கும்மிடிப்பூண்டி திரும்பி வந்துவிடுகிறது. தொழிற்பேட்டையின் தகரக் கூரை, அதன் ஓட்டை வழியே தூசியில் மிதந்து இறங்கும் வெயில், சி.என்.சி. லேத்தின் அரைத்தூக்க முனகல். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகள். பம்புகளுக்குப் போகும் புஷ் என்ற எஃகு வளையங்களை அளந்து அனுப்புவது என் வேலை.

ஒரு காலை மேனேஜர் வரதன் என் மேஜைக்கு வந்தார்.

“மேடம், பாய் மெஷின்ல ரிஜெக்டா கொட்டுது. அவருக்குக் கண்ணு போச்சு. சனிக்கிழமையோட அவர வேலைய விட்டு நிறுத்திடலாம். நீங்களும் அதே சொன்னா முடிஞ்சுது.”

பாய் என்றால் காதர் பாய். பழவேற்காட்டிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர். குடும்பமே இறால் வியாபாரம். இவர் மட்டும் இரும்பின் பக்கம் வந்துவிட்டார். எங்கள் ஷெட்டில் அவரைவிடக் கவனமான ஆள் கிடையாது.

“சாயந்திரம் வரைக்கும் டைம் குடுங்க சார்” என்றேன்.

பாய் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். ஒவ்வொரு புஷ்ஷையும் மைக்ரோமீட்டரில் அளந்தார். மூன்று மைக்ரான் பெரிதா? மெஷின் வெட்டும் அளவைத் திருத்தும் ஆஃப்செட் எண்ணில் மூன்று குறைத்தார். அடுத்தது சிறுத்து வந்தது. உடனே கூட்டினார். விரல்கள் ஓயவேயில்லை.

காலையில் அவர் போட்ட புஷ்களை அள்ளிவந்து மேஜையில் அடுக்கினேன். ஒரே அளவுள்ளவை ஒரே வரிசை. சிறியவை இடப்பக்கம், பெரியவை வலப்பக்கம். நடு வரிசை நீண்டது. ஓரம் போகப்போக வரிசைகள் குறுகின. யாரும் வரையாமலே ஒரு மலை. பாடத்தில் நார்மல் டிஸ்ட்ரிபியூஷன் என்று படித்தது, எண்ணெய் மினுக்கத்தோடு என் முன்னே படுத்துக் கிடந்தது. ஆனால் அகலமான மலை. அதன் இரண்டு அடிவாரமும் ஏற்கத்தக்க அளவுக்கு நான் சாக்பீஸால் போட்ட எல்லைக்கோடுகளுக்கு வெளியே வழிந்திருந்தது.

நல்ல மெஷினுக்கும் மூச்சு உண்டு; ஒரு மயிரிழை கூடும், ஒரு மயிரிழை குறையும். பாய் ஒவ்வொரு மூச்சையும் திருத்திக்கொண்டிருந்தார். மெஷினின் ஆட்டத்தோடு அவர் கையின் ஆட்டமும் சேர்ந்துவிட்டது.

“பாய், சாப்ட்டு வந்ததும் ஆஃப்செட்டத் தொடாதீங்க.”

“இன்னாம்மா சொல்ற? தப்பா வந்தா?”

“வரட்டும். அளந்து வைங்க, திருத்தாதீங்க.”

“பாத்துக்கினு சும்மா குந்தியிருக்கணுமா? அதுக்கு என்னிய ஊட்டுக்கே அனுப்பிடலாமே!”

“அதுக்குத்தான் வரதன் சார் காத்துக்கினு இருக்காரு.”

சாப்பிட்டு வந்தார். மதியம் முழுக்க, அளந்த கையை அக்குளில் செருகிக்கொண்டு நின்றார். ஒவ்வொரு புஷ்ஷுக்கும் உதடு துடித்தது. வெயில் மெல்ல நகர்ந்தது. எஃகுச் சுருள்கள் மழைபோல உதிர்ந்தன. எனக்கு அந்த ஷெட்டே மெதுவாக மூச்சு விடுவதுபோல இருந்தது.

சாயந்திரம் அடுக்கினேன். ஒடுங்கி, உயர்ந்து, இரண்டு கோடுகளுக்கும் நடுவே நின்றது மலை.

வரதன் குனிந்து பார்த்தார். “இன்னா பாய் பண்ண?”

“ஒண்ணுமே பண்ணல சார். அதான் இன்னிக்கு வேலை.”

வரதன் சிரிக்கவில்லை. “சனிக்கிழமைலேர்ந்து ரெண்டு மெஷினா பாத்துக்க” என்று சொல்லிப் போனார்.

தரக்கட்டுப்பாட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மலை மொத்தமாக நகர்ந்திருந்தால் கை வையுங்கள். ஒரு புஷ் விலகியதற்காக வைக்காதீர்கள்.

அன்று சாயந்திரம் கேட் தாண்டியதும் பாயின் பஸ் வந்து நின்றது.

“நாளைக்கு வருவீங்கல்ல பாய்?”

படியில் ஏறித் திரும்பினார். “வரேம்மா. மெஷின் அது பாட்டுக்கு ஓடும். இந்தக் கைய இன்னா பண்றதுன்னு நீயே சொல்லு.”