அண்ணனைத் திருப்பிக் கூப்பிடாத காலை

அந்தப் பட்டியலைப் போடச் சொல்லி என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் போட்டேன்.

காலேஜ் முடித்து நான் சேர்ந்த முதல் வேலை அது. கிள்ளானில் ஆபீஸ், தெலுக் பங்லிமா காராங்கில் பெரிய குளிர்பதனக் கிடங்கு, உறைந்த ஆட்டிறைச்சி முதல் ஐஸ்கிரீம் வரை ஏற்றி இறக்கும் கம்பெனி. கம்ப்யூட்டர் பாதுகாப்புக்கு மொத்தமே இரண்டு பேர். ஒருவர் எங்கள் தலைவி, நான் அக்கா என்று கூப்பிடுவேன், பிரிக்பீல்ட்ஸிலிருந்து தினமும் கொமுட்டர் ரயிலில் வருவார். இன்னொருவன் நான். கழுத்தில் தொங்கிய அட்டையில் 'செக்யூரிட்டி' என்று போட்டிருந்ததால் கொஞ்சம் ஓவராகத்தான் ஆடிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் இல்லை, நிறையவே.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது அக்கா ஒரு சோதனை வைத்தார். ஊழியர்கள் எல்லாருக்கும் ஒரு போலி ஈமெயில். 'உங்களுக்கு இலவச தீபாவளி ஹேம்பர் பரிசுக்கூடை, இங்கே அழுத்துங்கள்.' எத்தனை பேர் ஏமாறுகிறார்கள் என்ற கணக்கு மட்டும்தான் அவருக்கு வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், அழுத்தியவர்களின் பெயர், பதவி, படம் எல்லாம் சேர்த்து, 'தூண்டிலில் சிக்கிய மீன்கள்' என்று தலைப்பு வைத்து, ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிட்டேன். முதல் இடம் கிடங்கு மேனேஜருக்கு. நான்கு முறை அழுத்தியிருந்தார். ஹேம்பர் வரவில்லையே என்று திரும்பத் திரும்ப அழுத்தினாராம்.

அவரை எல்லாரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். பதினெட்டு வருடம் அந்தக் கிடங்கில் இருப்பவர். கிள்ளானில் கோயில் திருவிழா என்றால் மைக் அவர் கையில்தான் இருக்கும். கூட்டத்தில் குழந்தை தொலைந்தாலும், யாரோ காரை வழியில் நிறுத்திவிட்டுப் போனாலும் அந்தக் கனத்த குரல்தான் ஸ்பீக்கரில் வரும். அப்படிப்பட்ட மனிதரை லோரி டிரைவர்கள் வாரக்கணக்கில் ஓட்டினார்கள். சாமான் ஏற்ற வரும்போதெல்லாம், "என்னண்ணே, ஹேம்பர் வந்துருச்சா?" அவர் தன் வேலையைப் பார்ப்பார். நான் கிடங்குக்குப் போனால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அக்கா என்னைக் கிழித்துவிட்டார். "இனிமே எவனாச்சும் தப்பா அமுக்கிட்டா நம்மகிட்ட வந்து சொல்லுவானா? மூடி மறைப்பான்லா. ஒனக்கு லைக் வேணும்னா டிக்டாக் போ." நான் தலையை ஆட்டிவிட்டு மனசுக்குள் சிரித்தேன்.

அக்கா வைத்த சட்டம் ஒன்று இருந்தது. பாஸ்வேர்டை மாற்றிக் கொடு என்று யார் போன் செய்தாலும், வைத்துவிட்டு, ஊழியர் பட்டியலில் இருக்கும் எண்ணுக்கு நாம் திருப்பிக் கூப்பிட வேண்டும். அந்தச் சட்டத்தை நான் ரொம்ப ரசித்துச் செய்வேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், கிளார்க் பெண், எல்லாரையும் வைக்கச் சொல்லித் திருப்பிக் கூப்பிட்டு, நீங்கள் நீங்கள்தானா என்று போலீஸ்காரன் மாதிரி கேட்பேன்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, காலை பதினோரு மணி இருக்கும். அக்கா பங்சாரில் இன்சூரன்ஸ்காரர்களைப் பார்க்கப் போயிருந்தார். ஆபீஸில் நான் தனி ராஜா. என் சொந்த போனில் வாட்ஸ்அப் அழைப்பு வந்தது. எண் புதுசு. படத்தில் அண்ணன், வேட்டி கட்டி, கையில் மைக்கோடு.

"தம்பி, நான்தான்."

அண்ணன் போனில் ஒருநாளும் பேர் சொன்னதில்லை. நம் ஆட்களில் பெரியவர்கள் யார்தான் சொல்கிறார்கள்? நான்தான் என்றால் நமக்கே தெரிய வேண்டும், தெரியவில்லை என்றால் அது நம் குற்றம்.

"அம்மாக்கு முட்டி எப்படி இருக்கு? ஆப்பரேஷன் பண்ணாங்களே, நடக்கறாங்களா?"

நான் கரைந்துவிட்டேன். ஒரு மாதமாக முகம் பார்க்காத மனுஷன் அம்மாவின் முட்டியை விசாரிக்கிறார். மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன். அம்மா கம்பு வைத்து நடக்கிறார் என்று ஏதோ உளறினேன். அதற்கப்புறம் அவர் விஷயத்துக்கு வந்தார். போன் மாற்றிவிட்டாராம், சிஸ்டத்துக்குள் நுழையும்போது வருகிற ரகசிய எண் புது போனுக்கு வரவில்லையாம், பாஸ்வேர்டும் புதுசாக வேண்டுமாம், லோரி எல்லாம் வரிசையில் நிற்கிறதாம்.

"சீக்கிரம் பண்ணிக் குடு தம்பி. தீபாவளிப் பெருநாள் நேரம், டிரைவருங்க கத்துறானுங்க."

பின்னால் லோரி ஹாரன் சத்தம்கூடக் கேட்டது.

சட்டம் ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. ஊழியர் பட்டியலைத் திறந்து அவருடைய எண் வரைக்கும் போய்விட்டேன். ஆனால் என்னவென்று சொல்வது? அண்ணே, வையுங்க, நீங்க நீங்கதானான்னு பாக்கணும் என்றா? ஊர் முன்னால் நான் அவமானப்படுத்திய மனிதர், தானாக இறங்கி வந்து பேசுகிறார். அவரிடம் போய் மறுபடியும் உங்கள் மேல் நம்பிக்கை இல்லை என்று சொல்வதா? பட்டியலை மூடினேன். பழைய போனை நீக்கினேன், புது போனைச் சேர்த்தேன், புது பாஸ்வேர்டைப் படித்துக் காட்டினேன். எல்லாம் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"நன்றிடா தம்பி. பெருநாளுக்கு வீட்டுக்கு வா."

சந்தோஷமாகப் போய் தே தாரேக் டீ கலக்கிக் குடித்தேன்.

பன்னிரண்டே காலுக்குக் கிடங்கிலிருந்து கிளார்க் பெண் போன் செய்தாள். லேபிள் மிஷின் எல்லாம் தானாக ஓடுகிறதாம். பெட்டிகளில் ஒட்டும் லேபிள், அதில் சாமான் பேருக்குப் பதில் இங்கிலீஷில் ஏதோ கடிதம், ஒரே கடிதம், மீட்டர் மீட்டராக வந்து தரையில் விழுகிறதாம். படம் அனுப்பினாள். 'உங்கள் ஃபைல்கள் எங்களிடம். பணம் கட்டினால்தான் திறப்போம்.' அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே என் ஸ்க்ரீனும் கறுப்பானது.

அக்காவைக் கூப்பிட்டேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "கேபிள புடுங்கு. எல்லாத்தையும். இப்பவே." சர்வர் ரூமுக்கு ஓடி, ஒன்றுவிடாமல் பிடுங்கினேன்.

அதன் பிறகுதான் அண்ணனின் எண்ணுக்கு, பட்டியலில் இருக்கும் அந்த எண்ணுக்கு, போன் செய்தேன். காலையில் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். புது போன் எப்படி இருக்கிறது அண்ணே என்று மட்டும் கேட்டேன்.

"எந்தப் புதுப் போனு? இங்க எல்லாம் கவுந்து கெடக்கு, ஒன்கிட்ட நான் பேசியே ஒரு மாசம் ஆச்சு, இப்ப வந்து போன் கதை பேசுற."

வைத்துவிட்டார். சர்வர் ரூமில் மிஷின் இரைச்சல் நின்றிருந்தது. நான் தரையில் உட்கார்ந்தேன். காதில் அந்தக் காலைக் குரல் இருந்தது, இப்போது கேட்ட குரலும் இருந்தது. இரண்டும் ஒரே குரல்தான். எவ்வளவு யோசித்தும் ஒரு நூல் வித்தியாசம் என்னால் சொல்ல முடியவில்லை. என் அம்மாவின் முட்டியை விசாரித்தது யார்?

நாலு மணிக்கு மீட்டிங். கம்பெனி முதலாளியை டத்தோ என்போம். மேஜையில் அவர், அக்கா, அண்ணன், நான். அண்ணன் கிடங்கிலிருந்து நேராக வந்திருந்தார், ஃப்ரீசர் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றவில்லை. நல்ல வேளையாக ஃபைல்களின் போன வாரத்து நகல் தனியாக, கேபிள் தொடாத இடத்தில் இருந்தது. அது அக்கா அடம்பிடித்துச் செய்து வைத்தது. ஆனால் எல்லாவற்றையும் திரும்ப எழுப்ப இரண்டு வாரம் ஆகும். டத்தோவுக்கு அன்று சாயங்காலத்துக்குள், இது யார் தப்பு என்று ஒரு பேர் வேண்டும். திருடன் எந்தக் கணக்கில் நுழைந்தான் என்று அக்கா பார்த்துவிட்டார். அண்ணனின் கணக்கு.

டத்தோ ஒரு தாளை மேஜையில் போட்டார். என்னுடைய பட்டியல். கலரில் பிரிண்ட் எடுத்திருந்தார்.

"நாலு தடவ அமுக்குனவரு. இன்னிக்கு அஞ்சாவது தடவ. லெட்டர் ரெடி, பெருநாள் முடிஞ்சு வர வேணாம்."

அண்ணன் அந்தத் தாளைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "டத்தோ, நான் எதையும் தொடல. காலைலேர்ந்து ஃப்ரீசர் உள்ளதான் நின்னேன்." மைக்கில் ஆயிரம் பேரை அடக்குகிற குரல், அந்த ரூமில் பாதிகூட எழவில்லை.

அக்கா குறுக்கே வந்தார். பதினொன்றே காலுக்கு அண்ணனின் பாஸ்வேர்டை யாரோ ஆபீஸ் பக்கமிருந்து மாற்றியிருக்கிறார்கள், அது யாரென்று தெரியாமல் இவர் மேல் பழி போட முடியாது என்றார். யாரென்று தெரியாததற்குக் காரணம், அக்கா, நான், வெளியிலிருந்து சிஸ்டத்தைப் பராமரிக்கும் கம்பெனி, மூன்று பேருக்கும் ஒரே அட்மின் கணக்கு. தனித்தனியாக வேண்டும் என்று அக்கா எழுதிக் கேட்டு, செலவு அதிகம் என்று டத்தோவே இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தார்.

"அப்ப யாரு பேர நான் போடறது? ஒங்க பேரா மேடம்?"

"வேணும்னா போட்டுக்குங்க டத்தோ. ஆனா இவர் பேர போட நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

காலை அழைப்பு என் சொந்த போனில்தான் வந்திருந்தது. ஆபீஸில் அதற்கு ஒரு தடயமும் இல்லை. மீட்டிங்குக்கு முன் கழிவறையில் நின்று, அந்த எண்ணை அழித்துவிடலாம் என்று விரல் வைத்தேன், எடுத்தேன், வைத்தேன். அழித்திருந்தால் இன்றுவரை ஒருவருக்கும் தெரிந்திருக்காது. பெரிய யோக்கியன் என்பதால் அழிக்காமல் விடவில்லை. கதவைத் தட்டினார்கள், அவ்வளவுதான்.

டத்தோ பேனாவைத் திறந்தார். நான் போனை மேஜையில் வைத்தேன்.

"பாஸ்வேர்ட் மாத்துனது நான். இந்த நம்பர்ல அண்ணன் குரல் வந்துச்சு. திருப்பிக் கூப்பிடல."

டத்தோ நம்பவில்லை, யாரைக் காப்பாற்றக் கதை விடுகிறாய் என்று கேட்டார். அக்கா என்னைத் திட்டவில்லை. தன் போனை எடுத்து கோயிலின் ஃபேஸ்புக் பக்கத்தைத் திறந்தார். திருவிழா நேரலை, மணிக்கணக்கில். அண்ணனின் குரல் மேஜை மேல் கணீரென்று எழுந்தது, வெள்ளைக் கார் ஒன்று வழியை மறித்து நிற்பதாகச் சொன்னது. கம்ப்யூட்டரில் ஒருவர் குரலை நகல் எடுத்துப் பேச இவ்வளவு தேவையே இல்லை, இதில் ஒரு துண்டு போதும் என்றார் அக்கா. அப்புறம் என் பக்கத்தைத் திறந்தார். ஆஸ்பத்திரியில் அம்மா, முட்டியில் கட்டு, நான் போட்ட படம், உலகமே பார்க்கலாம். அடுத்து இன்னொரு தேடல். என் பட்டியல். எந்த டிரைவரோ சிரிப்புக்காக, அனுப்பிய என் பேரும் எண்ணும் தெரியவே வெளியே பகிர்ந்திருந்தான். அண்ணனின் பேர், பதவி, படம், நான்கு முறை அழுத்தினார் என்ற குறிப்பு. யாரைப் போல் பேச வேண்டும் என்று திருடனுக்கு நானே எழுதிக் கொடுத்திருந்தேன்.

நேரலை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"அத நிறுத்துங்கம்மா," என்றார் அண்ணன்.

டத்தோ லெட்டரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அண்ணனிடம் மன்னிப்பு என்ற வார்த்தையை மட்டும் அவர் சொல்லவில்லை. நானும் அன்று சொல்லவில்லை. எனக்கு வேறு லெட்டர் வந்தது, விளக்கம் கேட்டு. வேலை போகவில்லை. தனித்தனி கணக்குக்கு அடுத்த வாரமே பணம் வந்தது. அதைச் சொல்லும்போது அக்கா சிரிக்கவில்லை.

சிஸ்டம் எழும் வரை கிடங்கில் எல்லாம் கையால் எழுத வேண்டும், ஆள் பற்றாது. என்னை அங்கே அனுப்பினார்கள், அண்ணனின் கீழே. ஃப்ரீசருக்குள் ஜாக்கெட் போட்டு, எந்தப் பெட்டி எந்த வரிசையில் என்று எழுதுவேன். பேனா மை உறைந்துவிடும், பென்சில்தான். முதல் நாளே மன்னிப்புக் கேட்டேன். கையுறையைக் கழற்றாமல் எழுது, விரல் போய்விடும் என்று மட்டும் சொன்னார். இரண்டாவது வாரம் ஒருநாள் ரொட்டி சானாய் சாப்பிடும்போது தானாகப் பேசினார். கோயிலில் இனி மைக் பிடிக்கப்போவதில்லையாம்.

"வீட்டுக்கு போன் பண்ணா, நீங்கதானான்னு கேக்குறாடா என் பொண்டாட்டி. இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு கட்டி. என்னத்த சொல்றது நான்?"

ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானம் நான் ஃப்ரீசருக்குள் இருந்தபோது வாக்கிடாக்கியில் அவர் குரல் வந்தது. "தம்பி, மூணாவது வரிசை ஆட்டிறைச்சி, இருபது பெட்டி, வெளிய தள்ளு." நான் பெட்டியைத் தொடவில்லை. கனத்த கதவைத் தள்ளிக்கொண்டு, லோரி ஏற்றும் இடம் வரை நடந்தேன். அண்ணன் அங்கே நின்றிருந்தார்.

"என்னடா?"

"பாத்துட்டுப் போலாம்னு வந்தேண்ணே."

டிரைவர்கள் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. நிழலிலிருந்து இரண்டடி முன்னால் வந்து, வெளிச்சத்தில் நின்று, வாக்கிடாக்கியை வாயருகே தூக்கி, என்னைப் பார்த்துக்கொண்டே முதலிலிருந்து சொன்னார். அவர் உதடு அசைந்தது, குரல் என் கையில் இருந்த வாக்கிடாக்கியிலிருந்து வந்தது. மூணாவது வரிசை, ஆட்டிறைச்சி, இருபது பெட்டி.

நான் உள்ளே போய் இருபது பெட்டியை வெளியே தள்ளினேன்.