எந்தப் பாஷையில் யோசிப்பார்?

போன மாங்காய் சீசனில் என் கணவர் வேலை செய்யும் இடத்திலேயே மயங்கி விழுந்தார். சித்தூரில் மாம்பழக்கூழ் போடும் கம்பெனி ஒன்றில் அவர் சூப்பர்வைசர். மூளையில் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்றார்கள். திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வலது கையும் காலும் அசையவில்லை. பேச்சும் இல்லை.

நான்காம் நாள் காலை கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார். உதடு கோணிக்கொண்டு அசைந்தது.

"நீள்ளு" என்றார்.

தண்ணீர் கேட்கிறார்! நர்ஸ் சரியென்றதும் ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினேன். வெளியே வந்து, ஸ்ரீசிட்டியில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் செய்து சொல்லும்போதுதான் உறைத்தது. அவர் தெலுங்கில் கேட்டிருக்கிறார்.

எங்கள் இருவர் வீடும் தமிழ் வீடு. அவருக்கு நகரிப் பக்கம், எனக்கு கங்காதர நெல்லூர். இருபத்தாறு வருஷமாகக் கொஞ்சியதும் சண்டை போட்டதும் தமிழில்தான். தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் படித்தது. கடையிலும் ஆபீசிலும் பேசுவது.

அடுத்தடுத்த நாட்களில் வார்த்தைகள் கூடின. எல்லாம் தெலுங்கு. நான் தமிழில் கேட்டால் புரிந்துகொண்டார், பதில் மட்டும் தெலுங்கில் வந்தது. ஒருமுறை என்னை "நுவ்வு" என்றார். அந்தத் தெலுங்கு 'நீ'யால் அவர் என்னை அழைத்ததே இல்லை. வேறு யாருடைய கட்டில் பக்கத்திலோ உட்கார்ந்திருப்பதுபோலக் கூச்சமாக இருந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். சின்ன வயசு, கடப்பாப் பக்கம்.

"ஆன்ட்டி, ஆயன ஏ பாஷலோ ஆலோசிஸ்தாரு?" என்று கேட்டாள்.

எந்த மொழியில் யோசிப்பார்? அதில்தான் பயிற்சியைத் தொடங்க வேண்டுமாம். "தமிழ்" என்றேன். சொல்லும்போதே சந்தேகம் வந்துவிட்டது. அவர் பேசியதைத்தான் கேட்டிருக்கிறேன், யோசித்ததை நான் எங்கே கண்டேன்?

அவளுக்குத் தமிழ் தெரியாததால் படம் போட்ட அட்டைகளை நானே காட்டினேன்.

"இது இன்னா, சொல்லுங்க."

"பில்லி."

"பூனைன்னு சொல்லுங்க."

தவித்தார். நெற்றி வியர்த்தது. இடது கையால் அட்டையைத் தட்டிவிட்டார்.

மகள் போனில் கத்தினாள். "யம்மா, எது வருதோ அதுல பேச வுடேன். இன்னாத்துக்கு அடம் புடிச்சிக்கினு கீற?"

அடம்தான். இத்தனை வருஷமும் மனசுக்குள் தெலுங்கில் நினைத்து எனக்காகத் தமிழில் மாற்றிச் சொன்னாரோ என்று தோன்றிவிட்டது. இதை மகளிடம் எப்படிச் சொல்வது? மறுநாள் நானும் தெலுங்கிலேயே பேசினேன். அவர் முகம் தெளிந்தது. எனக்குத்தான் கட்டின புருஷனை மரியாதையாக 'மீரு' என்பதா, 'நுவ்வு' என்பதா என்று தெரியாமல் ஒவ்வொரு வாக்கியமும் தடுக்கியது.

வீட்டுக்கு வந்து ஒரு மாதம் இருக்கும். மத்தியானம் சாம்பார் சாதம் பிசைந்து கொடுத்தேன்.

"உப்பு பத்தல" என்றார்.

கரண்டியோடு அப்படியே நின்றேன். "இன்னா சொன்னீங்க?"

"உப்பு சாலலேது" என்றார் நிதானமாக, எனக்குத் தமிழ் புரியாததுபோல.

அதன்பிறகு தமிழ் மெல்லத் திரும்பியது. இப்போது கோலூன்றி நடக்கிறார், இரண்டையும் கலந்து பேசுகிறார். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"மனசுக்குள்ள எந்த பாஷைல நெனைக்கிறீங்க?"

"நெனைக்கறப்ப அத்த நான் பாத்துக்கினா இருக்கேன்?" என்று சிரித்தார். "நீ எதுல நெனைக்கிற?"

"தமிழ்லதான்" என்றேன் உடனே.

ஆனால் அவரை ஸ்ட்ரெச்சரில் உள்ளே தள்ளிப்போனபோது, திருப்பதி மலையைப் பார்த்து நின்று நான் வேண்டிக்கொண்டது எந்த மொழியில் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. இப்போதெல்லாம் கத்தரிக்காய் நறுக்கும்போது சட்டென்று நிறுத்தி என் மனசை எட்டிப் பார்க்கிறேன். பார்க்கும்போது தமிழ் ஓடுகிறது. பார்ப்பதற்கு ஒரு நொடி முன்னால் என்ன ஓடியது என்றுதான் தெரியவில்லை.