நேற்றே வந்துபோனவர்கள்

நொரீன் ப்ரூவெட் ஒஹாயோவின் நார்வாக் ஊரில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். பனி கொட்டும் காலையிலும் அவள் வண்டி பிந்தியதில்லை. பின்னால் எந்தப் பிள்ளை யார் தலையில் குட்டுகிறது என்பதைத் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியிலேயே பார்த்து, திரும்பாமலே பெயர் சொல்லி அதட்டுவாள். கணவன் டுவைட் தொலைதூர லாரி ஓட்டியவன். வருஷத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். இருவரும் ஓய்வுபெற்றதும் வெள்ளை நிறத்தில் பழைய ஆர்.வி. ஒன்றை வாங்கினார்கள். அடுப்பும் படுக்கையும் உள்ளேயே இருக்கும் அந்த வீட்டு வண்டியில் நாட்டைக் குறுக்காகக் கடந்து பசிபிக் கடலைப் பார்ப்பதாக ஏற்பாடு.

"லீவுலயும் உங்க ரெண்டு பேருக்கும் டிரைவர் வேலைதானா?" என்று சிரித்தாள் மகள் ஷெல்பி.

டுவைட் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தான். இன்டர்ஸ்டேட் எனும் அதிவேக விரைவுச்சாலையில் ஏறக்கூடாது.

"முப்பது வருஷம் அதுல ஓட்டினேன். என்னத்தக் கண்டேன்? முன்னால போற லாரியோட முதுகு. ஒஹாயோலயும் அதே முதுகு, வயோமிங்லயும் அதே முதுகு. பழைய ரோட்டுல போவோம், நொரீன். ஊர் ஊரா நின்னு நிதானமாப் போவோம்."

அவர்கள் ஊரின் கடைத்தெரு வழியாகவே போகும் இருபதாம் எண் நெடுஞ்சாலை மேற்கே ஓரிகன் கடற்கரை வரை ஓடுகிறது. செப்டம்பரில் ஒரு காலை அதிலேயே கிளம்பினார்கள்.

முதல் விசித்திரம் அயோவாவில் நடந்தது. சோளக்காட்டு நடுவே ஒரு சின்ன ஊர். அங்கே பழத்தை மாவுக்குள் வைத்துச் சுடும் ‘பை’ பலகாரம் விற்கும் கடைக்குள் நுழைந்ததும் பரிமாறும் பெண் கையைத் தட்டிச் சிரித்தாள்.

"மறுபடியுமா! நேத்தே செர்ரி பையைக் காலி பண்ணிட்டீங்களே. இன்னைக்கு ஆப்பிள்தான் இருக்கு."

"நாங்க இப்பத்தான் முதல் தடவை வரோம்மா," என்றாள் நொரீன்.

"சும்மா இருங்க. இவர் தலையில இதே மஞ்சத் தொப்பி. காப்பியில சுரத்தே இல்லேன்னு இவர் என்னைக் கேலி பண்ணலையா? இதே ஜன்னலோரம்தான் உக்காந்தீங்க."

டுவைட் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான். "கேட்டியா? அமெரிக்காவுல பாதிக் கிழவனுங்க என்னை மாதிரிதான் இருக்கானுங்க. மீதிப் பாதி என்னைவிட மோசம்." பிறகு காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆனா அந்த ஆள் சொன்னது சரிதான். சுரத்தே இல்ல," என்றான்.

நொரீனும் சிரித்தாள். வண்டியில் ஏறியபின் மட்டும் கண்ணாடியில் அந்தக் கடையைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

நெப்ராஸ்காவுக்குள் நுழைந்தபின் சோளம் மறைந்தது. மரமில்லாத புல்மேடுகள் அலையலையாகத் தொடங்கின. வெகுநேரம் எதிரில் வண்டியே வரவில்லை. எங்கோ ஒரு காற்றாலை தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. புல் எல்லாம் ஒரே பக்கம் படுத்து எழுந்தது. டுவைட் வழக்கமாகப் பாட்டை முணுமுணுத்தபடி ஓட்டுவான். அன்று பேசாமல் ஓட்டினான்.

பெட்ரோல் போட நின்ற இடத்தில் கல்லாவிலிருந்த வயதான ஆள் நொரீனை உற்றுப் பார்த்தார்.

"வீட்டுக்காரருக்கு இப்ப எப்படிம்மா இருக்கு?"

"நல்லாத்தானே இருக்கார். ஏன்?"

"நேத்து இதே நாற்காலியில நெஞ்சைத் தடவிக்கிட்டு உக்காந்திருந்தாரே. மூஞ்சி சாம்பலா இருந்துச்சு. டாக்டர்கிட்டக் காட்டுங்கன்னு நான் சொன்னேன். வெறும் வாயுன்னு கையை உதறிட்டுப் போனார்."

நொரீன் கண்ணாடிக் கதவு வழியே வெளியே பார்த்தாள். டுவைட் வண்டியில் சாய்ந்து நின்று சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்து வாயில் போட்டு மென்றான். நெஞ்செரிச்சல் மாத்திரை. அவள் வருவதைப் பார்த்ததும் பொட்டலத்தை மறைத்தான்.

"எவ்வளவு நாளா இதை முழுங்கறே?"

"நீ சுட்ட மிளகாய்ப் பன்றிக்கறிதான் காரணம். வாயுடி, வெறும் வாயு."

அந்த ஆள் சொன்ன அதே சொல்.

மறுநாள் நடுப்பகலில் ஆர்.வி.க்கள் தங்கும் ஒரு முகாமுக்கு வந்தார்கள். புல்மேட்டுச் சரிவில் நாலைந்து இடம், ஒரு மர அலுவலகம், அவ்வளவுதான். இடம் கேட்க நொரீன் மட்டும் இறங்கிப் போனாள். முகாமை நடத்தும் தடித்த பெண்மணி வாசலிலேயே அவளைக் கண்டு ஓடி வந்தாள். ஒன்றும் கேட்காமல் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"திரும்பி வந்துட்டியா, தங்கம்? பாதி ராத்திரி வரைக்கும் உன்னையேதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். இந்த நிலைமையில தனியா ஓட்டாதேன்னு நேத்தே தலைதலையா அடிச்சுக்கிட்டேனே. பொண்ணு கிளம்பி வராளா?"

"எந்த நிலைமையில?" என்றாள் நொரீன்.

"என்ன கண்ணு இப்படிக் கேக்கறே? அவரைப் பறிகொடுத்துட்டு…"

பேச்சு அப்படியே நின்றது. அந்தப் பெண்மணி நொரீனின் தோளுக்கு மேல் வண்டியைப் பார்த்தாள். ஓட்டுநர் இருக்கையில் டுவைட் மஞ்சள் தொப்பியைக் கழற்றி வழுக்கையைச் சொறிந்துகொண்டிருந்தான். இவர்கள் பார்ப்பதைக் கண்டு கையாட்டினான்.

பெண்மணியின் கை நொரீனின் தோளிலிருந்து மெல்ல நழுவியது. பின்னுக்கு நடந்தே போய் உள்ளே நுழைந்து கதவைத் தாழிட்டாள்.

நொரீன் வண்டிக்குத் திரும்பினாள். விஷயத்தைச் சொன்னால் அவன் சிரிப்பான். ஆஸ்பத்திரிக்கு வா என்றால் வாயு என்பான். அந்தப் பிறவியை அவளுக்குத் தெரியாதா? ஏறி உட்கார்ந்தாள், தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"டுவைட், எனக்கு நெஞ்சு வலிக்குது. கை மரத்துப்போச்சு."

அவன் முகம் வெளுத்தது. "ஐயோ. ஆம்புலன்ஸ கூப்பிடறேன், இரு."

"இந்தக் காட்டுல போன் எங்க எடுக்குது? தெற்கே இறங்கினா இன்டர்ஸ்டேட் எண்பது. அங்க பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. தள்ளிக்க, நான் ஓட்டறேன்."

"நெஞ்சு வலிங்கறே, ஓட்டறேங்கறே! உனக்குப் பைத்தியமா?"

"நீ ஓட்டினா எனக்கு இன்னும் வலிக்கும். தள்ளுடா கிழவா!"

தெற்கே திரும்பும் கூட்டுரோட்டில் வேகம் குறைத்தபோது பழக்கதோஷத்தில் கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால், அவர்கள் விட்டுப்போகும் இருபதாம் எண் சாலையில், ஒரு வெள்ளை ஆர்.வி. மேற்கே போய்க்கொண்டிருந்தது. அவசரமில்லாத வேகம். அது புல்மேட்டில் ஏறி மறையும்வரை அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. டுவைட்டும் தன் பக்கத்துக் கண்ணாடியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். இன்டர்ஸ்டேட்டில் ஏறியதும் முன்னால் போன லாரிகளின் முதுகைப் பார்த்து நொரீனுக்கு உயிர் வந்தது.

ஆஸ்பத்திரியில் தள்ளுநாற்காலியோடு வந்த நர்ஸிடம், "எனக்கொண்ணும் இல்ல. இவரை உக்கார வைங்க," என்றாள்.

டுவைட் கத்தின கத்தலை அந்த வார்டே கேட்டது. பொய்க்காரி என்றான், நாடகக்காரி என்றான். பரிசோதனை முடிந்து டாக்டர் வந்து, இதயத்துக்குப் போகும் பெரிய குழாய் ஏறக்குறைய அடைத்துவிட்டது, இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்றபோதுதான் அடங்கினான். அன்றே அடைப்பை எடுத்தார்கள்.

கண் விழித்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அந்த வண்டியைப் பார்த்தே இல்ல?"

"பார்த்தேன்."

"நீதான் ஓட்டிக்கிட்டிருந்தே. பக்கத்து சீட்டு காலியா இருந்துச்சு, நொரீன்."

ஷெல்பி பறந்து வந்து, விமானத்தில் வீட்டுக்குப் போகலாம் என்று மன்றாடினாள். நொரீன் கேட்கவில்லை. டுவைட் தேறியதும் அவளே ஓட்டிக்கொண்டு மீண்டும் அந்தப் பழைய சாலைக்கே போனாள். தனியாகப் போன அந்த இன்னொருத்தி எங்கே போய்ச் சேர்ந்தாள் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். வயோமிங்கிலும் ஐடஹோவிலும் நின்ற இடமெல்லாம் ஆட்களின் முகத்தைப் பார்த்தாள். யாரும் அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

ஓரிகனில் சாலை கடலோடு முடிகிற ஊரில் மூடுபனி இறங்கியிருந்தது. மீன் பொரித்து விற்பவன்தான் அவளைப் பார்த்துத் தலையசைத்தான்.

"உடம்பு தேவலையாம்மா? போன மாசம் அந்தக் கல்லு மேலயே நாள் பூரா உக்காந்திருந்தீங்க. நான்தான் சூடா சூப்புக் கொண்டுவந்து குடுத்தேன்."

"குடிச்சேனா?"

அவன் விநோதமாகப் பார்த்தான். "குடிச்சீங்க. நன்றின்னு சொன்னீங்க."

"அப்புறம்?"

"அப்புறம் வண்டி எடுத்துட்டுப் போனீங்க. எங்க போனீங்கன்னு நீங்கதான் சொல்லணும்."

நொரீன் இரண்டு பொட்டலம் பொரித்த மீன் வாங்கிக்கொண்டு வந்தாள். பொரித்ததைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். டுவைட் திருட்டுத்தனமாக அவள் முகத்தைப் பார்த்தபடி முதல் துண்டை எடுத்தான். அவள் அன்று பொட்டலத்தை அவன் பக்கமே நகர்த்தினாள். அவன் தோளை ஒட்டி உட்கார்ந்து, பனிக்குள் கேட்கும் அலையையே கேட்டுக்கொண்டிருந்தாள்.